குமிழியை நம்பி ஏமாந்தேன்: அக்வாபோனிக்ஸ் தொட்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

காலை 5.30 மணி இருக்கும். அம்மா வந்து உலுக்கினார். "டேய், மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் தொறக்குதுடா. ராத்திரி தீனி போட்டியா இல்லையா?"

தீவன டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் கொல்லைக்கு ஓடினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பசித்த மீன் ஆள் நிழல் விழுந்ததும் அந்தப் பக்கமாகக் கும்பலாகப் பாயும். இவை பாயவில்லை. உதடு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய, எல்லாம் ஒரே சாய்வில் நின்றுகொண்டிருந்தன. கையை உள்ளே விட்டேன், விலகக்கூட இல்லை. இருப்பதிலேயே பெரிய இரண்டு, செவுள் விரிந்து மல்லாந்து கிடந்தன. ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் போகும். அது அப்போது எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு ஏர் ஸ்டோனிலிருந்தும் (காற்றைக் குமிழியாகப் பிரித்துவிடும் துளைக்கல்) குமிழி கொப்பளித்துக்கொண்டுதான் இருந்தது. குமிழி வருகிறது, அப்புறம் என்ன மூச்சுத்திணறல்? யோசிக்க நேரமில்லை. வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன். கை ஓயும்வரை, ஒரு கால் மணி நேரம். மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தீவன டப்பாவைத் திறக்கவில்லை. திறந்து கொட்டியிருந்தால் மிச்சமும் போயிருக்கும், ஏனென்றால் செரிக்கிற மீனுக்கு இன்னும் அதிக ஆக்சிஜன் வேண்டும்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டித் தண்ணீரையே செடிகளுக்கு விட்டு, இரண்டையும் சேர்த்து வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். கம்பிக்கூண்டு போட்ட வெள்ளை ஐபிசி தொட்டி, உள்ளே 900 லிட்டர் தண்ணீர், ஆழம் 80 செ.மீ. பக்கத்தில் ஜல்லி நிரப்பிய இரண்டு வளர்படுகைகள். தண்ணீர் பம்ப் மேலேற்றும், பெல் சைஃபன் வழியாகப் படுகை நிறைந்து நிறைந்து வடியும். மீன் திலாப்பியா, 40 உருப்படி. விட்டபோது ஒவ்வொன்றும் 20 கிராம், மொத்தம் 800 கிராம். எட்டு மாதம் கழித்து ஒன்று 300 கிராம், மொத்தம் 12 கிலோ. தொட்டி அதே தொட்டி, தண்ணீர் அதே தண்ணீர், ஏர் பம்ப்பும் அதே பம்ப். மாறியது மீனின் எடை மட்டும்தான், அதை மட்டும்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

பம்ப் வாங்கும்போது பார்த்த கணக்கு வேறு. 1000 லிட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 4 முதல் 8 லிட்டர் காற்று என்று பரவலாகச் சொல்வார்கள். என் பம்ப்பின் லேபிளில் 35 லிட்டர் என்று இருந்தது. தேவைக்கு நாலு மடங்குக்கு மேல் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன்.

மீன் பண்ணைகளில் பல வருடம் வேலை பார்த்த ஒரு அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுற?" 180 கிராம் என்றேன். தொட்டி எத்தனை லிட்டர் என்று கடைசிவரை கேட்கவே இல்லை. "தண்ணி மூச்சு விடாது தம்பி. தீனியப் பாத்துக் காத்து வை" என்று சொல்லி, ஆக்சிஜன் மீட்டரை இரவல் கொடுத்தனுப்பினார்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தீவனத்தைத் தின்று செரித்து வளர மீனுக்குச் சுமார் 300 முதல் 500 கிராம் ஆக்சிஜன் செலவாகும். அதோடு முடியவில்லை. சுமார் 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால் ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியே வரும். அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் கேட்கும். மீன் எச்சம் மட்கவும் ஆக்சிஜன் வேண்டும். அக்வாபோனிக்ஸில் நாம் கையால் போடுவது தீவனம் ஒன்றுதான், அதனால் ஆக்சிஜன் செலவு முழுக்க அந்தக் கையளவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கும். இதற்கு விலக்காக, பகல் வெளிச்சம் கொண்டு வரும் செலவு ஒன்று இருக்கிறது. அது சீக்கிரமே தெரிந்தது.

மீட்டரை வைத்து முதலில் எடுத்த அளவு 7.1 பிபிஎம், அதாவது லிட்டர் தண்ணீரில் 7.1 மில்லிகிராம் ஆக்சிஜன். மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சி பத்து நிமிடம்தான். முனையைக் குமிழித் தூணுக்குள்ளேயே பிடித்திருந்தேன். முனையிலுள்ள சவ்வில் குமிழி ஒட்டினால் மீட்டர் தண்ணீரை அளக்காது, காற்றை அளக்கும். தள்ளி, ஸ்டோனுக்கு எதிர்மூலையில், பாதி ஆழத்தில் பிடித்தால் 4.6. இந்த வகை மீட்டரில் இன்னொரு சிக்கல்: சவ்வைத் தொட்டிருக்கும் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை மீட்டரே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், அசையாமல் பிடித்தால் எண் இறங்கிக்கொண்டே போகும். மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துணி சுற்றி ஈரக்காற்றில் வைத்து அளவைச் சரிசெய்த பிறகுதான் நம்பினேன். அப்படியும் சந்தேகம் தீராமல், சொட்டு சொட்டாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றிலும் சரிபார்த்தேன். ஹங்கேரிக்காரர் லாயோஸ் விங்க்லர் 1888-ல் வெளியிட்ட முறையை வைத்துத்தான் அந்தப் பெட்டிகள் வேலை செய்கின்றன. நூற்றாண்டு தாண்டியும் மீட்டருக்கே நீதிபதியாக இருக்கிறது. இரண்டும் அரை பிபிஎம்முக்குள் ஒத்துப்போயின, அது போதும்.

பிறகு ஒரு நாள் முழுக்க அளந்தேன். மாலை 4 மணிக்கு 9.0. தண்ணீர் 32 டிகிரி. அந்தச் சூட்டில், கடல் மட்டத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீர் பிடித்துவைக்கக் கூடியதே சுமார் 7.3 தான். அதற்கு மேல் ஏறியது பாசியின் வேலை. வெள்ளைத் தொட்டி, வெயில் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கும், தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. 6.30-க்குத் தீவனம். இரவு 8 மணிக்கு 4.4. நள்ளிரவில் 3.5. விடியற்காலை 5.30-க்கு 2.7.

பகலெல்லாம் கொடுத்த பாசி, இருட்டியதும் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிஜனைத் தின்றிருக்கிறது. நான் தொட்டியைப் பார்ப்பது எப்போதும் மாலை நேரம். அப்போது மீன்கள் துள்ளும், தண்ணீர் ததும்பும், எல்லாம் பிரமாதமாக இருக்கும். விடிவதற்கு முந்தைய அரை மணி நேரத்தை எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை.

முதல் வேலை, தொட்டியை இருட்டாக்குவது. சுவர் முழுக்கக் கறுப்புப் பெயின்ட், அதற்கு மேல் சூடு ஏறாமல் இருக்க வெள்ளை. மேலே மூடி, காற்று போக இடைவெளி விட்டு. ஒரு வாரத்தில் பச்சை வெளுத்துத் தேநீர் நிறத்துக்கு வந்தது.

இரண்டாவது, பம்ப் உண்மையில் எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். 5 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கையால் மூடித் தொட்டிக்குள் கவிழ்த்து, ஒரு ஸ்டோனின் குமிழியெல்லாம் அதற்குள் ஏறும்படி ஒரு புனல் வைத்துப் பிடித்தேன். தண்ணீர் இறங்கிக் காற்று நிறைய எத்தனை விநாடி? முதல் ஸ்டோன் 48, இரண்டாவது 65. கூட்டிக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 11 லிட்டர்கூட இல்லை. லேபிள் 35.

பம்ப்பைக் கழற்றினேன். அடியில் காற்று உறிஞ்சும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அது பஞ்சாகவே இல்லை. தூசியும் பூச்சிச் சிறகும் சேர்ந்து அட்டை மாதிரி கெட்டியாகியிருந்தது. குழாயில் வளைவு ஒன்று மடிந்திருந்தது. ஸ்டோன்களைத் தொட்டால் வழவழவென்று ஒரு தோல், அதற்குக் கீழே சுண்ணாம்பு படிந்து நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிர்ந்தது. அடைத்த ஸ்டோனிலிருந்து காற்று நின்றுவிடாது. திறந்திருக்கும் நாலு துளை வழியாகப் பெரிய பெரிய குமிழியாக, சத்தத்தோடு வரும். கண்ணுக்கு அதுதான் பலமாகத் தெரியும். நான் எட்டு மாதமாக ரசித்துக்கொண்டிருந்த கொப்பளிப்பு இதுதான்.

பஞ்சை மாற்றி, மெல்லிய குழாய்க்குப் பதில் தடித்த குழாய் போட்டு, ஸ்டோன்களைப் புதிதாக்கி மறுபடி அளந்தேன். 21 லிட்டர். லேபிளில் உள்ள 35 எப்போதும் வராது. அது குழாய்கூட மாட்டாமல் வெறும் வெளியில் ஊதும்போது கிடைப்பது. ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீர் ஆழத்துக்கும் சுமார் ஒரு கிலோபாஸ்கல் எதிர் அழுத்தம் ஏறும், ஸ்டோனின் தடை தனி. வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, பெட்டியிலோ தாளிலோ அழுத்தத்துக்கு எதிரே எவ்வளவு காற்று என்று வரைபடக் கோடு போட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும். கோடே போடாத பம்ப் என்றால், பெரிய எண்ணில் பாதியை மட்டும் நம்புவது என் வழக்கமாகிவிட்டது.

இருட்டாக்கி, பம்ப்பைச் சுத்தமாக்கிய பிறகு விடியற்காலை அளவு 5.2. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அண்ணன் போனில் கேட்டார், "தீனி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தியா?" பார்த்தேன். 4.2. மோசமான நேரம் ஒழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பாசி இருந்தவரை விடியல் ஆபத்து. பாசி போனதும் மாலைத் தீவனத்துக்குப் பிந்தைய நேரம் ஆபத்து. திலாப்பியா 4-லேயும் சமாளிக்கும் என்பார்கள். சமாளிக்கும்தான். தீவனம் பாதி வீணாகும், வளர்ச்சி மந்தமாகும். 5-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இனிதான் நான் இதை எழுதவே காரணமான சோதனை. எவ்வளவு காற்று கூட்ட வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் தொட்டியையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தீவனம் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும், மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஏர் பம்ப், தண்ணீர் பம்ப் இரண்டையும் நிறுத்தினேன். வாளியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். 4.2-ல் ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் 4.0. ஐந்தாவது நிமிடம் 3.7. பத்தாவது நிமிடம் 3.2. அதற்கு மேல் வேண்டாம் என்று இரண்டையும் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் 1 பிபிஎம் என்றால் மணிக்கு 6. ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஆக 900 லிட்டருக்கு மணிக்கு 5.4 கிராம். படுகை ஜல்லியில் இருக்கும் பாக்டீரியா தின்பது இதில் முழுசாகச் சேராது, அதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கையில் மீட்டர் இருப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். அளவு 4-க்கு மேல் இருக்கும்போது மட்டும், 3-ஐத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும்.

மணிக்கு 5.4 கிராம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 0.27 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. என் பம்ப் தள்ளும் 21 லிட்டரில் 5.7 கிராம். அதாவது ஒரு மணி நேரத்துக்கு வேண்டியது ஒரே நிமிடக் காற்றில் இருக்கிறது! இதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கு தப்போ என்று மூன்று முறை சரிபார்த்தேன். தப்பில்லை. குமிழி 75 செ.மீ. மேலே வர சுமார் 3 விநாடி. அந்த மூன்று விநாடியில் தன்னிடம் இருப்பதில் நூற்றில் இரண்டு பங்குகூடக் கொடுக்காமல் மேலே வந்து உடைந்து போய்விடுகிறது. குமிழியின் பாதி உபகாரம் அது கொடுக்கும் ஆக்சிஜனில் இல்லை. அடித்தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வந்து, மேல்பரப்பைப் புரட்டிப் போடுகிறதே, அதில் இருக்கிறது.

அடுத்தது, தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்கும் வேகம் பள்ளத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கக் கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5. தொட்டி 4.2-ல் நிற்கிறது என்றால் பள்ளம் 3.3. பள்ளம் பெரிதாக இருக்கும்போது ஆக்சிஜன் வேகமாக இறங்கும், சிறிதாக ஆக ஆக மெதுவாக ஊரும். 4.2-ல் வரவும் செலவும் சமம். 5.5-ல் நிற்க வேண்டும் என்றால் பள்ளம் 2.0 தான், அதே செலவைச் சமாளிக்க 3.3-ஐ 2.0-ஆல் வகுத்தால் 1.65 மடங்கு காற்று. 6.5-ல் நிற்க 3.3 மடங்கு. 7.0 வேண்டும் என்றால் 6.6 மடங்கு! கடைசி அரை பிபிஎம்முக்காகக் காற்றை இரட்டிப்பாக்க வேண்டும். மின்சாரமும் கூடவே இரட்டிக்கும்.

எனக்கு வேண்டிய விடை இங்கேதான் கிடைத்தது. மோசமான மணி நேரத்தில் 5.5. அதற்கு மேல் ஆசைப்பட்டால் மீனுக்குப் பெரிய லாபமில்லை, பில்லுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? அண்ணனிடமே ஒரு பெரிய பம்ப் கிடந்தது, லேபிளில் 100 லிட்டர். "போட்டுப் பாரு, ஒரு வாரத்துல நீயே திருப்பிக் கொண்டாருவ" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஆறு ஸ்டோன் போட்டு விட்டேன். தீவனத்துக்குப் பிறகும் 6.6 காட்டியது. தொட்டி வெந்நீர் அண்டா மாதிரி கொதித்தது. இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கியது. அடியில் படிந்து வெளியேற வேண்டிய எச்சத்தை நான் காற்றால் அரைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தேன். போட்ட தீவனம் மீனின் வாய்க்குப் போகும் முன் சுழன்று போய் வெளியேறும் குழாய் வாயில் ஒதுங்கியது. மீன்கள் எல்லாம் சுழல் குறைந்த ஒரே மூலையில் அடைந்தன. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.6-லிருந்து ஒரு வாரத்தில் 7.0-க்கு ஏறியது. கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்று விரட்டிவிட்டால் பிஎச் ஏறும். செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும் பக்கமாக அது நகர்கிறது. இரவெல்லாம் லாரி நிறுத்திவைத்த மாதிரி உறுமல் வேறு. ஆறாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை, வாங்கி உள்ளே வைத்தார்.

காற்றைக் கூட்டும் முன் செலவைக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன். அதுவரை காலையில் கொஞ்சம், மாலையில் மிச்சமெல்லாம் என்று போட்டுக்கொண்டிருந்தேன். அதே 180 கிராமை மூன்றாகப் பிரித்து, கடைசி வேளையை மாலை 4.30-க்கு முன்னால் முடித்தேன். மறுபடி நிறுத்திப் பார்க்கும் சோதனை. மணிக்கு 6 இருந்தது 5 ஆனது. காற்று ஒரு குமிழிகூடக் கூட்டாமல் 4.2 என்பது 4.7 ஆனது. செலவில்லாத வைத்தியம்.

மிச்சத்துக்கு இரண்டாவது பம்ப். பழையதை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம் என்றே சொல்வேன். இந்த வகை பம்ப்பில் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வுதான் அடித்து அடித்துக் காற்றைத் தள்ளுகிறது. அது என்றைக்காவது கிழியும், பெரும்பாலும் நாம் வீட்டில் இல்லாத அன்று. ஒரே பம்ப் என்றால் அன்றோடு கதை முடிந்தது. நான் வாங்கியது 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப், 5 வாட். பாட்டில் வைத்து அளந்தேன், 12 லிட்டர். மொத்தம் 33.

ஸ்டோன் வைப்பதில் கொஞ்சம் அடிபட்டுத்தான் கற்றேன். நாலு ஸ்டோன். ஒன்றைவிட ஒன்று இரண்டு விரல்கடை ஆழம் கூடினால்கூடக் காற்றெல்லாம் மேலே இருக்கும் ஸ்டோனுக்கே போகும், காற்று சுலபமான வழியைத்தான் பார்க்கும். எல்லாம் ஒரே மட்டத்தில், ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வ். தரையில் படுக்க வைத்தால் எச்சத்தைக் கிளப்பும், அதனால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டினேன். எச்சம் வெளியேறும் குழாய் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. எதிர்ப்பக்கச் சுவரோரம் வரிசையாக வைத்ததும், தண்ணீர் அங்கே மேலேறி, மேல்பரப்பில் குறுக்காக வந்து, இந்தப் பக்கம் இறங்கி, தரையை மெதுவாகப் பெருக்கிக்கொண்டு வெளியேறும் வாயில் எச்சத்தைச் சேர்த்தது. இதை நான் திட்டமிடவில்லை. தீவனத்துகள் ஒன்று சுற்றி வருவதை வேடிக்கை பார்த்தபோதுதான் கண்டேன். மிக நுண்ணிய குமிழி விடும் ஸ்டோன் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். பால் போல் அழகாக வந்தது, மூன்றே வாரத்தில் அடைத்தது, பம்ப் சூடேறியது. நடுத்தரத் துளை ஸ்டோனே எனக்குப் போதும்.

33 லிட்டர் ஓடத் தொடங்கிய முதல் மாலை, தீவனம் போட்டு ஒரு மணி நேரத்தில் 5.6. தாளில் வந்தது 5.7. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் இத்தனை சந்தோஷம் கிடைத்ததாக ஞாபகமில்லை.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதும் அந்த நிறுத்திப் பார்க்கும் சோதனையிலேயே இருக்கிறது. மணிக்கு 5 குறையும் தொட்டியில், 5.6-லிருந்து 3-க்கு வர அரை மணி நேரம். ஆக்சிஜன் குறையக் குறைய மீனும் கொஞ்சம் செலவைக் குறைத்துக்கொள்ளும், அதை நம்பி உட்கார முடியாது. சின்ன பம்ப்பை 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இணைத்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும்போது பேட்டரி ஏறிக்கொண்டே பம்ப்பும் ஓடும். போனால் பேட்டரி தொடரும், நடுவில் மாற்றிப்போட ஸ்விட்ச் எதுவும் இல்லை. பேட்டரியில் 84 வாட்-மணி, பாதிக்கு மேல் காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் கெடும், ஆக 42 வாட்-மணி, 5 வாட்டுக்கு எட்டு மணி நேரம். ஓர் அதிகாலையில், தீவனம் போடாத வயிற்றோடு, மெயினை அணைத்துச் சோதித்தேன். ஒரு மணி நேரத்தில் 4.4, மூன்று மணி நேரத்தில் 4.0. அங்கேயே நின்றது. மீன்கள் கீழேதான் இருந்தன.

அந்தச் சோதனையில் ஒரு கூத்தும் நடந்தது. பழைய 35 லிட்டர் பம்ப்பை நான் தரையில் ஒரு செங்கல் மேல் வைத்திருந்தேன். மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறி, சைஃபன் பிடித்து, பம்ப்புக்குள் இறங்கியது. நல்லவேளையாகக் காலடியில் ஈரம் தெரிந்து ஓடிப்போய்ப் பிடுங்கினேன். செக் வால்வ் (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வ்) போட்டால் தடுக்கும்தான், ஆனால் அந்த வால்வும் ரப்பர் நாக்குதான், அதுவும் ஒரு நாள் மக்கர் செய்யும். இப்போது பம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேல், சுவரில் பலகை அடித்து உட்கார்ந்திருக்கிறது. மழை படாமல் இருக்கப் பெட்டி போட்டு முழுக்க மூடிவிடாதீர்கள். தன் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொண்டு ஓடினால் டயாஃப்ரம் சீக்கிரம் போகும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. மாதம் ஒரு முறை பஞ்சைத் தட்டுகிறேன், பாட்டில் வைத்து அளக்கிறேன். 33 என்பது 28-க்கு இறங்கினால் ஸ்டோனை எடுக்கிறேன். நாலையும் ஒரே நாளில் எடுப்பதில்லை, இரண்டிரண்டாக. சுண்ணாம்புக்கு வினிகரில் ஓர் இரவு, வழவழப்புக்கு நீர்த்த பிளீச்சில் ஒரு மணி நேரம், பிறகு நன்றாக அலசி வெயிலில் காய வைத்தல். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். டயாஃப்ரம் ஜோடி ஒன்று உதிரியாக அலமாரியில் இருக்கிறது.

மீட்டரை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது மாதம் ஒரு தடவை மட்டும் இரவல் வாங்கி, தீவனத்துக்குப் பிந்தைய அளவையும் விடியல் அளவையும் சுவரில் பென்சிலால் குறிக்கிறேன். கடைசியாக எழுதியது 5.3, 6.1. மீன்கள் 400 கிராமைத் தொட்டுவிட்டன, தீவனம் 210 கிராமுக்கு ஏறியிருக்கிறது, மாலை எண் இறங்கத் தொடங்கிவிட்டது. இனி காற்றைக் கூட்டப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பெரிதாக ஒரு பத்து மீனைப் பிடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.